கேட்டால் வருவார்கள்: அமெரிக்கக் கிராமங்களின் ஹிஸ்பானிக் மக்களும் மருத்துவ ஆய்வும்

புதிய மாத்திரை ஒன்று மருந்துக்கடைக்கு வருவதற்கு முன்பே அதைப் பல நூறு பேர், சில சமயம் பல ஆயிரம் பேர், சாப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ரத்தம் கொடுத்து, சொன்ன தேதிகளில் மருத்துவமனைக்கு வந்துபோன தன்னார்வலர்கள் அவர்கள். எந்த அளவில் மருந்து கேட்கும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர்கள் உடம்பைப் பார்த்துக் கற்றவை. அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று கேட்பதற்குக் காரணம் அதுதான்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஹிஸ்பானிக் மக்களை வைத்து அடிக்கடி எழுகிறது. மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா என ஸ்பானிஷ் வழங்கும் நிலங்களில் வேர் கொண்டவர்களை அந்நாட்டு அரசுக் கணக்கு இப்படி ஒரே பெயரில் சேர்க்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 6.21 கோடிப் பேர்; மொத்த மக்களில் 18.7 சதவீதம். அதே ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 53 புதிய மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தது. அந்த மருந்துகளின் சோதனைகளில் கலந்துகொண்டவர்களில் ஹிஸ்பானிக் மக்கள் 11 சதவீதம்தான்.

அந்த 11 சதவீதத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மருந்துச் சோதனைகள் உலகம் முழுவதும் நடக்கின்றன. பியூனஸ் அயர்ஸில் மருந்து சாப்பிட்டவரும் அதே கணக்கில்தான் வருவார். டெக்சஸ் எல்லையிலோ கலிபோர்னியாவின் கீரை வயல்களிலோ வாழும் ஒருவர் அதில் இருந்தாரா என்று அந்த எண் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

நகரத்திலேயே நின்றுவிடும் ஆய்வு

ஹிஸ்பானிக் மக்களின் உடல்நலம் குறித்து அமெரிக்காவில் நடக்கும் மிகப் பெரிய தொடர் ஆய்வுகளில் ஒன்று 2008இல் தொடங்கியது. 2011க்குள் 18 முதல் 74 வயது வரையிலான 16,415 பேர் அதில் சேர்ந்தார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், நுரையீரல், பல் என்று எல்லாவற்றையும் அளந்த ஆய்வு அது. இன்று ஹிஸ்பானிக் மக்களின் இதயநோயைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. ஆய்வு நடந்த இடங்கள் நான்கு: நியூயார்க்கின் பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ. நான்குமே பெருநகரங்கள்.

இதில் சதி ஒன்றும் இல்லை. நகரத்தில் ஒரு தெருவுக்குள்ளேயே நூறு வீடு கிடைக்கும். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கும். எடுத்த ரத்தம் கெடுவதற்குள் ஆய்வகத்துக்குப் போய்விடும். செலவுக் கணக்கு போடுகிற எவரும் நகரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆனால் கிராமத்து உடம்பு வேறு சூழலில் வாழ்கிறது. பூச்சிமருந்து தெளித்த வயலுக்குப் பக்கத்தில் வீடு. உரத்தின் நைட்ரேட் இறங்கிய கிணற்று நீர். வெயிலில் எட்டு மணி நேரம் குனிந்து செய்யும் வேலை. சிறப்பு மருத்துவரைப் பார்க்க அரை நாள் பயணம். சிகாகோவில் எடுத்த கணக்கில் இவற்றில் எதுவும் வராது.

மரபணு ஆய்வில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. 2016இல் உலக அளவில் எடுத்த ஒரு கணக்கின்படி, மரபணுத் தொகுதி ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஹிஸ்பானிக், லத்தீன் அமெரிக்க மக்கள் வெறும் 0.54 சதவீதம். இதனால் என்ன தவறிப்போகிறது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் லத்தீன் அமெரிக்கப் பின்புலம் உள்ளவர்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தபோது, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணு வேறுபாடு 2013இல் தெரியவந்தது. எஸ்.எல்.சி.16ஏ11 என்பது அந்த மரபணுவின் பெயர். அமெரிக்கப் பூர்வகுடிகளின் மரபில் ஏறத்தாழ பாதி அளவுக்குப் பரவியிருக்கும் அந்த வேறுபாடு, ஐரோப்பியர்களிடம் மிக அரிது. ஐரோப்பியர்களை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் அது எளிதில் கண்ணில் பட்டிருக்காது.

மறுக்கிறார்களா?

“அவர்கள் வரமாட்டேன் என்கிறார்கள்” என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் பதில். அந்தப் பதிலுக்கு வரலாற்றில் நியாயமும் இருக்கிறது. 1946 முதல் 1948 வரை குவாட்டமாலாவில், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் மருத்துவர்கள் சிறைக் கைதிகள், படைவீரர்கள், மனநல மருத்துவமனை நோயாளிகள், பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரைச் சிபிலிஸ், கொனோரியா போன்ற நோய்களுக்கு வேண்டுமென்றே ஆளாக்கினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,300 பேர். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. வரலாற்றாசிரியர் சூசன் ரெவர்பி பழைய காகிதங்களிலிருந்து இதைத் தோண்டி எடுக்க, 2010இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதிபர் ஒபாமா மன்னிப்புக் கேட்டார். 1956இல் கருத்தடை மாத்திரை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம். இன்றைய மாத்திரையைவிடப் பல மடங்கு வீரியமான அதைச் சாப்பிட்டுத் தலைசுற்றல், வாந்தி என்று அவர்கள் சொன்னதை ஆய்வாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு நடந்த பிறகு மக்கள் மறுத்தால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் உண்மையில் மறுக்கிறார்களா? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டேவிட் வெண்ட்லரும் அவருடைய சகாக்களும் இதை எண்ணிப் பார்த்தார்கள். 20 ஆய்வுகளில் அழைக்கப்பட்ட 70,000க்கும் மேற்பட்டோரில், எந்தப் பிரிவினர் எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்ற கணக்கை 2006இல் வெளியிட்டார்கள். சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில் வெள்ளையர்களில் சம்மதித்தவர்கள் 41.8 சதவீதம். ஹிஸ்பானிக் மக்களில் 55.9 சதவீதம். அழைத்தால் வருகிறார்கள், அதுவும் மற்றவர்களைவிடக் கூடுதலாக. தயக்கத்தைவிட, ஆய்வு அவர்களை எட்டாததுதான் சிக்கல் என்பதை நோக்கி அந்தக் கணக்கு கைகாட்டியது.

இதனால் கேள்வி இடம் மாறுகிறது. மக்கள் மனதில் என்ன கோளாறு என்று தேடுவதை விட்டுவிட்டு, ஆய்வு நடத்தும் முறையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எது தடுக்கிறது?

முதலில் நேரம். வயலில் கூடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, ஆய்வு மையத்தில் செலவாகும் நான்கு மணி நேரம் நான்கு மணி நேரக் கூலி. சம்பளத்தோடு விடுப்பு என்பது அந்த வேலையில் பெரும்பாலும் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும் மையம் அவருக்குப் பூட்டிக் கிடக்கும் மையம்தான்.

அடுத்தது பருவம். அறுவடையைத் தொடர்ந்து ஊர் மாறும் குடும்பங்கள் உண்டு. ஆறாம் மாதப் பரிசோதனைக்கு அழைக்கும்போது கைப்பேசி எண் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும். ஆய்வேட்டில் அவர் “தொடர்பில் இல்லை” என்ற பட்டியலுக்குப் போய்விடுவார். அடுத்த ஆய்வைத் திட்டமிடுபவர் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்தால் கணக்கு கெடும் என்று தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுவார்.

பிறகு மொழி. சம்மதப் படிவத்தை ஸ்பானிஷில் மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்ற நினைப்பு பலருக்கு. வயல் தொழிலாளர்களில் கணிசமானோர் மெக்சிகோவின் வாஹாக்கா போன்ற பகுதிகளின் பூர்வகுடிகள். மிஸ்டெக், திரிக்கி, சபோடெக் ஆகியவை அவர்கள் வீட்டுமொழிகள். ஸ்பானிஷ் அவர்களுக்கு இரண்டாவது மொழி, சிலருக்கு அதுவும் அரைகுறை. இவை பெரும்பாலும் பேச்சிலேயே வாழும் மொழிகள். பல பக்கப் படிவத்தை மிஸ்டெக்கில் அச்சடித்துக் கொடுத்தாலும் வாசிக்க ஆள் இருக்காது. உட்கார்ந்து வாய்மொழியாகச் சொல்லவேண்டும், ஒலிப்பதிவாகக் கேட்கத் தரவேண்டும்.

நான்காவது ஆவணம். விவசாயத் தொழிலாளர்களிடம் அரசு எடுக்கும் கணக்கெடுப்பின்படி, பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு வேலை செய்யும் சட்டபூர்வ அனுமதி இல்லை. பங்கேற்புக்காக ஒரு சிறு தொகை கொடுப்பது ஆய்வுகளில் வழக்கம். ஆனால் வரிக் கணக்குக்காகச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த எண் இல்லாதவர் அந்த நிமிடமே எழுந்து போய்விடுவார். டெக்சஸின் தென்முனையில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல். அங்கிருந்து சான் ஆன்டோனியோவுக்கோ ஹூஸ்டனுக்கோ, புற்றுநோய் மருந்துச் சோதனைகள் நடக்கும் பெரிய மருத்துவமனைகளுக்குப் போகும் நெடுஞ்சாலைகளில், நாட்டுக்குள்ளேயே எல்லைக் காவல் சோதனைச்சாவடிகள் உள்ளன. ஃபால்ஃபூரியஸ் சாவடி அவற்றில் பேர்போனது. காகிதம் இல்லாதவருக்கு ஹூஸ்டன் இன்னொரு நாடு.

இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக விலக்கி நடத்திய ஆய்வுகளும் இருக்கின்றன. மூன்றைப் பார்ப்போம்.

ஸ்டார் கவுண்டி: சர்க்கரை நோயின் பள்ளிக்கூடம்

ரியோ கிராண்டே ஆற்றின் அமெரிக்கக் கரையில் இருக்கிறது டெக்சஸின் ஸ்டார் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). அக்கரை மெக்சிகோ. மக்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் மெக்சிகோ வம்சாவளியினர். நாட்டின் மிக ஏழ்மையான கவுண்டிகளில் ஒன்று. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் சுகாதார மையத்தைச் சேர்ந்த மரபியலாளர் கிரெய்க் ஹனிஸ் அந்த ஊரின் சர்க்கரை நோய் நிலவரத்தை 1983இல் ஆய்வேடாக வெளியிட்டார். அதன்பின் ஊரை விட்டுப் போகவில்லை. ரியோ கிராண்டே சிட்டியில் நிரந்தர ஆய்வு அலுவலகம், அதில் உள்ளூர் ஊழியர்கள் என்று வேலை நடந்தது. ஒரே வீட்டில் சர்க்கரை நோய் வந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளின் ரத்தத்தை ஒப்பிட்டு, இரண்டாவது குரோமோசோமில் சந்தேகத்துக்குரிய பகுதி ஒன்றை 1996இல் ஆய்வுக்குழு அடையாளம் கண்டது. 2000இல் அந்தப் பகுதியிலிருந்து கால்பெய்ன்-10 என்ற மரபணு வெளிப்பட்டது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கென்று மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவிக் கண்டெடுத்த முதல் மரபணு அது. பின்னாளில் அதைவிட வலுவான மரபணுக்கள் தெரியவந்தன. ஆனால் அந்தப் பாதையில் முதல் அடி வைத்தது ஒரு எல்லையோர ஏழை ஊரின் ரத்தம்.

ஊருக்கு அதனால் என்ன லாபம் என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதில் இன்னொரு ஆய்விலிருந்து வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியின் ஷேரன் பிரவுன், ஹனிஸோடு சேர்ந்து, நோய் வந்தவர்கள் அதை எப்படிச் சமாளிப்பது என்று கற்றுத்தரும் திட்டம் ஒன்றைச் சோதித்தார். 35 முதல் 70 வயது வரையிலான 256 பேர். முதல் மூன்று மாதம் வாராவாரம் வகுப்பு, அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டம், அதற்குப்பின் மாதாமாதம். மொத்தம் 52 மணி நேரம். பள்ளிக்கூடம், தேவாலயம், ஊர்ச் சுகாதார நிலையம் என்று மக்கள் ஏற்கனவே போய்வரும் இடங்களில் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த, இரு மொழியும் தெரிந்த செவிலியர்களும் உணவியலாளர்களும் ஊர்ப் பணியாளர்களும். பாடத்துக்கான வீடியோக்களை ஸ்டார் கவுண்டியிலேயே, அந்த ஊர்ப் பெரியவர்களை வைத்தே எடுத்தார்கள்.

கவனிக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று: ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்து வரவேண்டும். சமைப்பவர் ஒருவர், சர்க்கரை நோயாளி இன்னொருவர் என்றால் நோயாளிக்கு மட்டும் பாடம் எடுத்து என்ன பயன்? இன்னொன்று: ஒப்பீட்டுக்காகச் சும்மா வைக்கப்பட்ட பாதிப் பேரை அப்படியே கைவிடவில்லை. ஓர் ஆண்டு கழித்து அவர்களுக்கும் அதே வகுப்பு உண்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். “எனக்கு மட்டும் ஏன் இல்லை” என்ற மனக்குறைக்கு ஆய்வு வடிவத்துக்குள்ளேயே பதில் இருந்தது.

2002இல் வெளியான முடிவு: ஆறாம் மாதத்தில், வகுப்புக்கு வந்தவர்களின் எச்.பி.ஏ1சி அளவு, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, மற்றவர்களைவிட 1.4 புள்ளி குறைவாக இருந்தது. மாத்திரையின் பலனோடு ஒப்பிடத்தக்க இறக்கம் இது. ஆனால் வகுப்புக்கு வந்தவர்களின் சராசரியும் அப்போது 10க்கு மேல்தான் இருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு 7. கல்வி உதவும், ஆனால் கல்வியால் மட்டும் தீராது என்ற இரண்டு உண்மைகளையும் அந்த ஆய்வு ஒளிக்காமல் சொன்னது.

சலினாஸ்: வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிய கணக்கு

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்யூஸ் கீரையும் ஸ்ட்ராபெர்ரியும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளைகின்றன. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கனாசி தலைமையில், 1999-2000இல் அங்கே 601 கர்ப்பிணிகள் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த, வயல் வேலைக் குடும்பத்துப் பெண்கள். சமாக்கோஸ் என்ற பெயரில் அறியப்படும் அந்த ஆய்வு, கருவிலிருந்த பிள்ளைகளை இன்று இளைஞர்களான பிறகும் தொடர்ந்து வருகிறது.

தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் சுவடு எவ்வளவு, பிள்ளையின் வளர்ச்சி எப்படி என்று இரண்டையும் பொருத்திப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் மருந்தின் தாக்கம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட, ஏழு வயதில் அறிவுத்திறன் அளவீட்டில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். 2011இல் இது வெளியானபோது, நியூயார்க் நகரத்துப் பிள்ளைகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகளும் அதே திசையில் முடிவு சொல்லின.

அந்த ஒற்றுமைக்குள் ஒரு வேற்றுமை இருக்கிறது. நம் ஊர் உரக்கடைகளிலும் விற்கும் குளோர்பைரிபாஸ் இந்த வகை மருந்துகளில் ஒன்று. நியூயார்க்கில் அது வீட்டுக்குள் கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் மருந்தாக இருந்தது. அந்தப் பயன்பாட்டை அமெரிக்கா 2001இலேயே நிறுத்திவிட்டது. வயலில் அடிப்பதை நிறுத்தவில்லை. கலிபோர்னியாவில் அதன் விற்பனை முடிவுக்கு வந்தது 2020இல். நகரத்துப் பிள்ளைக்குக் கிடைத்த பாதுகாப்பு வயலோரப் பிள்ளைக்குக் கிடைக்க 19 ஆண்டு கூடுதலாக ஆனது. சலினாஸ் தாய்மார் சிறுநீரும் ரத்தமும் கொடுத்திராவிட்டால், வயலோரத்தில் என்ன நடக்கிறது என்று வாதாடக் கையில் ஆதாரமே இருந்திருக்காது.

இந்த ஆய்வு கால் நூற்றாண்டு தாண்டி நிற்பதற்குக் காரணம் அதன் நடைமுறையில் இருக்கிறது. ஊர் மருத்துவமனையும் ஊர்ச் சுகாதார நிலையமும் அதில் பங்காளிகள். வேன் ஒன்றை மருத்துவ அறையாக மாற்றி, வர முடியாதவர்களின் இருப்பிடத்துக்கே போனார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அந்த ஊர் இளைஞர்களையே ஆய்வாளர்களாக்கினார்கள். 2013இல் நூறு லத்தீனா பதின்வயதுப் பெண்களிடம் நடந்த ஹெர்மோசா ஆய்வு அப்படிப்பட்டது. ஷாம்பு, லோஷன், முகப்பூச்சு போன்றவற்றை மூன்று நாள் மட்டும் ரசாயனம் குறைந்த வகைக்கு மாற்றச் சொன்னார்கள். சிறுநீரில் அந்த ரசாயனங்களில் டிரைக்ளோசான் 36 சதவீதமும், மெத்தில் பாரபென் 44 சதவீதமும் இறங்கின. எதிர்பாராத விதமாக வேறு இரண்டு பாரபென்கள் ஏறவும் செய்தன. மாதிரிகளைச் சேகரித்ததும் ஆய்வை வடிவமைக்க உதவியதும் உள்ளூர் மாணவர்கள். “என் உடம்பில் என்ன இருக்கிறது, அதைக் குறைக்க நான் என்ன செய்யலாம்” என்ற கேள்விக்கு அந்த வீட்டுப் பெண்ணுக்கே பயன்படும் பதில் கிடைத்தது.

ஃபுளோரிடா: விழுங்கும் வெப்பமானி

ஃபுளோரிடாவில் செடி நாற்றங்கால்கள், பூங்கொத்துக்கு இலை தரும் பெரணிப் பண்ணைகள், காய்கறி வயல்கள் ஆகியவற்றில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். வெயில் அவர்களுடைய அன்றாடப் பேச்சு. ஃபுளோரிடா விவசாயத் தொழிலாளர் சங்கமும் எமரி பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியும் சேர்ந்து நடத்திய ஹிராசோலெஸ் ஆய்வு அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. ஆள் சேர்த்ததில் சங்கத்துக்குப் பெரிய பங்கு. தெரியாத பல்கலைக்கழகம் கூப்பிட்டால் யோசிப்பவர், சம்பள பாக்கிக்காகத் தன்னோடு அலைந்த சங்கத்துக்காரர் கூப்பிட்டால் வருவார்.

வேலைக்குப் போகுமுன் விரல்நுனி ரத்தம், சிறுநீர். பிறகு மாத்திரை அளவுள்ள ஓர் உணரியை விழுங்க வேண்டும். அது குடலுக்குள் இருந்தபடி உடலின் உள்வெப்பத்தை அளந்து, இடுப்பில் கட்டிய சிறு பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் மறுபடி ரத்தம், சிறுநீர். ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு, காலையிலிருந்து மாலைக்குள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறியிருந்தால், அன்றைய வேலையில் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்று பொருள்.

192 தொழிலாளர்களின் முடிவுகள் 2018இல் வெளியாயின. வேலை முடியும் நேரத்தில் 81 சதவீதம் பேருக்கு நீர்ச்சத்து குறைந்திருந்தது; வேலை தொடங்கும்போதே 53 சதவீதம் பேர் அந்த நிலையில்தான் இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏதேனும் ஒரு வேலைநாளிலாவது சிறுநீரகப் பாதிப்பு பதிவானது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் வெப்பக் குறியீடு 5 டிகிரி ஃபாரன்ஹீட் கூடும்போது, அந்தப் பாதிப்புக்கான வாய்ப்பு 47 சதவீதம் கூடியது.

இவ்வளவு தெளிவான எண் கையில் இருந்தும் என்ன நடந்தது? கலிபோர்னியா 2005இலேயே வெளியில் வேலை செய்பவர்களுக்கு நிழல், தண்ணீர், ஓய்வு கட்டாயம் என்று விதி கொண்டுவந்த மாநிலம். ஃபுளோரிடா எதிர்த்திசையில் போனது. வெயில் பாதுகாப்பு விதிகளை எந்த நகராட்சியும் கவுண்டியும் தானாகப் போடக்கூடாது என்று 2024இல் சட்டம் இயற்றியது. ஆய்வு ஆதாரத்தைக் கொடுக்கும். அதை விதியாக்குவது அரசியல். பங்கேற்றவர்களிடம் இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இல்லையென்றால் “ரத்தம் கொடுத்தோம், ஒன்றும் மாறவில்லை” என்ற ஏமாற்றம் அடுத்த ஆய்வின் வாசலில் வந்து நிற்கும்.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்?

அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்க்கவேண்டும் என்று 1993இல் அமெரிக்கச் சட்டம் வந்தது. சம்மதம் கேட்கும்போது பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும் என்பதும் விதி. முக்கியமான விஷயங்களைச் சுருக்கமாகப் படிவத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும் என்ற திருத்தம் 2019இல் நடைமுறைக்கு வந்தது.

குடியேற்றப் பயம் உள்ளவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, பலரும் அறியாத ஒன்று: ரகசியக் காப்புச் சான்றிதழ். தேசிய சுகாதார நிறுவனங்களின் பணம் பெறும் ஆய்வுகளுக்கு, 2016இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, இது தானாகவே கிடைக்கிறது. பங்கேற்பவரை அடையாளம் காட்டும் தகவலை, நீதிமன்ற அழைப்பாணை வந்தாலும், அவர் சம்மதமின்றி ஆய்வாளர் கொடுக்கக்கூடாது. ஆய்வுக்குத் தேவையில்லாத குடியேற்ற நிலையைக் கேட்காமலே இருப்பது அதைவிடப் பாதுகாப்பு. எழுதாத தகவலை யாரும் பறிக்க முடியாது. ஆனால் சான்றிதழ் காகிதத்தைத்தான் காக்கும், ஆய்வு மையத்துக்கு வரும் சாலையைக் காக்காது. ஆய்வை ஊருக்குக் கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2022 ஜனவரி முதல், மருந்துச் சோதனையில் சேரும் ஏழைகளின் வழக்கமான மருத்துவச் செலவை மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடு ஏற்கவேண்டும். ஆவணமற்றவர்களில் பெரும்பாலோர் அந்தக் காப்பீட்டுக்கு வெளியே இருப்பதால் வயல் தொழிலாளர்களுக்கு இதன் பலன் குறைவு. முக்கியமான மருந்துச் சோதனைகளுக்கு, பல பிரிவினரையும் எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் பன்முகத் திட்டம் சமர்ப்பிக்க வேண்டும் என்று அதே 2022 டிசம்பரில் சட்டம் வந்தது. அதற்கான வரைவு வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் அரசு இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நீதிமன்ற உத்தரவால் மறுபடி வைத்தார்கள். மேலிருந்து வரும் அழுத்தம் ஆட்சிக்கு ஆட்சி ஏறி இறங்கும் என்பதற்கு இது சான்று.

கீழே நிலையாக நிற்பவர்கள் ப்ரொமோத்தோரா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். அதே வயலில் வேலை பார்த்தவர்கள், அதே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். எந்த வீட்டில் எந்த நேரம் ஆள் இருப்பார், யார் எந்த மொழி பேசுவார், எந்தக் கேள்வி கேட்டால் கதவு சாத்தப்படும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இவ்வளவையும் தெரிந்தவர்களை ஆள் பிடிக்க மட்டும் பயன்படுத்தி, திட்டப் பணம் தீர்ந்ததும் வேலையை விட்டு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. ஆய்வு முடிந்து ஊர் வெறுமையாவது அப்படித்தான்.

எண்ணைத் தாண்டிப் பார்ப்பது

நாளைக்கே 11 சதவீதம் 19 ஆகிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? மயாமியிலும் பியூனஸ் அயர்ஸிலும் கூடுதல் ஆளைச் சேர்த்தே அந்த எண்ணை எட்டிவிடலாம். ஸ்டார் கவுண்டியிலிருந்து ஒருவர்கூட இல்லாமலே அறிக்கை அழகாக இருக்கும். அதனால் ஒரு மருந்தைப் பற்றியோ ஆய்வைப் பற்றியோ படிக்கும்போது சதவீதத்தோடு இன்னும் சிலவற்றைத் தேடிப் பார்க்கலாம். ஆய்வு எங்கே நடந்தது? கூலி இழக்காமல் வரக்கூடிய நேரத்தில் நடந்ததா? வீட்டில் பேசும் மொழியில் சம்மதம் கேட்டார்களா? கொடுத்த ரத்தத்தின் முடிவு கொடுத்தவர் கைக்குப் போனதா? ஒப்பீட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்குப் பிறகாவது அந்தச் சிகிச்சை கிடைத்ததா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கும் ஆய்வு செலவு அதிகம் பிடிக்கும், மெதுவாக நகரும். ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்று அது புலம்ப வேண்டியிருக்காது. ஸ்டார் கவுண்டியில் நாற்பது ஆண்டுக்கும் மேலாக, அப்பா அம்மா காலத்திலிருந்து பிள்ளைகள் காலம் வரை, மக்கள் அந்த அலுவலகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.